தம்பூரா கேட்கும் தூரம்: மலை வீட்டில் இந்துஸ்தானி பைட்டக் நடத்த முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முதன்முதலாக ஓர் இந்துஸ்தானிப் பாடகரை உட்கார வைத்தபோது நாற்பத்தைந்து பேரை அழைத்திருந்தேன். மைக் செட் வாடகைக்கு எடுத்திருந்தேன். மேடைக்கென்று பாட்டி காலத்துத் தேக்குக் கட்டிலைப் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தேன். அக்டோபர் மாதம். ஆலாபனை தொடங்கிய ஐந்தாவது நிமிடம் தகரக் கூரையில் மழை இறங்கியது. ஸ்பீக்கரைக் கூட்டினோம், கூட்டிய சற்று நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் பாடகர் கையசைத்துப் பாடப் பாடக் கட்டில் கிரீச்சிட்டது. அன்று சரியாக அமைந்தது சாப்பாடு மட்டும்தான்.

அதன்பின் பல பைட்டக் நடத்திவிட்டேன். பைட்டக் என்றால் இந்தியில் உட்காருதல், கூடி அமர்தல். பாடுபவரும் கேட்பவரும் ஒரே அறையில், ஒரே தரையில். பட்ட பாட்டிலிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஓர் அளவுகோல்: கதவோரம் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கு மைக் இல்லாமல் தம்பூரா கேட்க வேண்டும். பாட்டு அல்ல, பின்னால் மெல்ல ஒலித்துச் சுருதி தரும் தம்பூரா. எத்தனை பேரை அழைப்பது, எந்த மாதம் வைப்பது, பலகாரம் என்ன, குளிர்சாதனப் பெட்டியை என்ன செய்வது என்று எதைக் கேட்டாலும் இந்த அளவுகோலை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

கூடத்தை அளந்து பாருங்கள்

பதினைந்துக்கு இருபது அடி கூடம் என்றால் 300 சதுர அடி. பாடகர், தபலா, ஹார்மோனியம், பின்னால் தம்பூரா என்று நான்கு பேருக்கு எட்டுக்கு ஆறடி போய்விடும். மீதியில் ஆளுக்கு ஒன்பது சதுர அடி கொடுங்கள். சம்மணமிட்டு மூன்று மணி நேரம் உட்காரும்போது முழங்காலை மாற்றி வைக்க அவ்வளவு இடம் தேவை. இருபத்தெட்டுப் பேருக்கு மேல் போகாது. நான் இருபத்தைந்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கலைஞர் உட்காரும் இடத்தில் ஒருவரை உட்கார வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் பேசும் குரலில் பேசச் சொல்லுங்கள். கதவோரம் நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். சொல் புரிந்தால் தம்பூராவும் வந்து சேரும். எதிரொலித்துக் குழம்பினால் கண்ணாடி ஜன்னல்கள்தான் பெரும்பாலும் காரணம். மலை வீடுகளில் வெயில் வரட்டும் என்று இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்காவது கனத்த திரை போடுங்கள். தரைக்குப் பவானி ஜமக்காளத்தை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. குளிரையும் தடுக்கும், ஒலியையும் அளவாக வாங்கிக்கொள்ளும். ஆர்வக்கோளாறில் சுவர் முழுவதும் கம்பளி தொங்கவிட்டால் குரல் செத்துவிடும்.

மேடை வேண்டாம். ஒரு மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு, போதும். கட்டிலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கூரை தகரமாக இருந்து, கீழே மரச் சீலிங்கும் இல்லையென்றால் மழைக்கு மருந்தே கிடையாது. நாளைத்தான் மாற்ற வேண்டும்.

மாதமும் மணியும்

நீலகிரியின் மழை ஒரே மழையல்ல. கூடலூர், உதகையின் மேற்குப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழையில் நனையும். குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையை வாங்கிக்கொள்ளும். கோடை விடுமுறையில் வைத்தால் வண்டி நெரிசலில் கலைஞர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதற்குள் உங்கள் பைட்டக் முடிந்துவிடும். ஜனவரிப் பொங்கல் கழித்து மார்ச் கடைசி வரை எங்கள் பக்கத்தில் பொருத்தமான காலம். உதகையில் ஜனவரியில் உறைபனி விழும். அங்கே இருப்பவர்கள் பிப்ரவரி நடுவில் தொடங்குவது நல்லது.

மணி விஷயத்தில் சமவெளி வழக்கத்தை மறந்துவிடுங்கள். ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்தால் மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டிப் போக வேண்டியவர்கள் எட்டரைக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் காட்டுமாடு நிற்கும், கரடி வரும். நாங்கள் மாலை நாலரைக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு முடிக்கிறோம்.

இந்த நேரத்தில் எதிர்பாராத ஒரு கொடை இருக்கிறது. இந்துஸ்தானி ராகங்களுக்குப் பொழுது உண்டு. பல பாடகர்கள் அதை இன்றும் மீறுவதில்லை. நாலரைக்கு முல்தானி அல்லது பீம்பலாசி. பீம்பலாசி நம் கர்நாடக இசையின் ஆபேரிக்கு நெருக்கமானது, கூடத்தில் பாதிப் பேர் உடனே முகம் மலர்வார்கள். இடைவேளைக்குப் பின் வெளிச்சம் மங்கும் வேளையில் பூரியா, மார்வா, ஸ்ரீ. இருட்டியதும் யமன், நம் கல்யாணி. மூன்று மணி நேரத்துக்குள் பிற்பகல், அந்தி, முன்னிரவு மூன்றும் ஜன்னலுக்கு வெளியே தானாக மாறிக்கொண்டிருக்கும். விளக்கைப் போடாதீர்கள். மார்வா பாடும்போது டியூப்லைட் எரிந்தால் எனக்குக் கோபம் வரும்.

நள்ளிரவு ராகங்களான தர்பாரி கானடா, நம் ஹிந்தோளமான மால்கௌன்ஸ் இரண்டும் இந்தத் திட்டத்தில் கிடைக்காது. விருந்தினர் எல்லோரும் உங்கள் வீட்டிலேயே தங்குவதானால் மட்டும் அதற்கு ஆசைப்படுங்கள். இன்னொரு வழி ஞாயிறு காலை ஏழு மணி: ஆஹிர் பைரவ் நம் சக்ரவாகம் போல, அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளி போல. பெயர்களில் ஏமாறாதீர்கள். நம் தோடியின் ஸ்வரங்களில் அவர்கள் பாடுவதன் பெயர் பைரவி, நம் பைரவி வேறு. நிகழ்ச்சியின் முடிவில் அவர்கள் பைரவியைத் தொட்டால், நம் மங்களம் போல, எழுந்துகொள்ளலாம் என்று அர்த்தம்.

கலைஞரை அழைப்பது

வட இந்தியாவிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்பதில்லை. மல்லிகார்ஜுன் மன்சூர், கங்குபாய் ஹங்கல், பீம்சேன் ஜோஷி எல்லோரும் வட கர்நாடகத்துக்காரர்கள். தார்வாடும் ஹூப்ளியும் இன்றும் இந்துஸ்தானிப் பாடகர்களை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. பெங்களூரில் இளம் கலைஞர்கள் ஏராளம். முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரை அழையுங்கள். பெரிய சபாவில் அவருக்கு நாற்பது நிமிடம்தான் கிடைத்திருக்கும். ஒரே ராகத்தை ஒன்றேகால் மணி நேரம் பாடலாம் என்று நீங்கள் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மலையேறி வருவார்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை: எத்தனை பேர் வருகிறார்கள், சொந்தத் தம்பூரா உண்டா, சாப்பாட்டில் விலக்கு என்ன, சுருதி என்ன. சுருதியை அவர்கள் நம்மைப் போல் ‘ஒரு கட்டை’, ‘ஒன்றரைக் கட்டை’ என்று சொல்லமாட்டார்கள். ஹார்மோனியத்தின் கறுப்புக் கட்டைகளை எண்ணி ‘காலி ஏக்’, ‘காலி சார்’ என்பார்கள். முதல் கறுப்பு நம் ஒன்றரைக் கட்டை, ஆண் பாடகர்கள் பெரும்பாலும் அங்கேதான். நான்காவது கறுப்பு ஐந்தரைக் கட்டை, பெண்களில் பலருக்கு அது. இந்தக் காலிக்குக் கறுப்பு என்று பொருள். தாளத்தில் வரும் காலி வேறு, அது நம் ஊர்க் காலியேதான், வெற்று. சுருதியை முன்கூட்டித் தெரிந்துகொள்வது உள்ளூரிலோ கோவையிலோ இருந்து தபலாக்காரரை அழைப்பதற்காக. ஒன்றரைக் கட்டைத் தபலாவை ஐந்தரைக்கு ஏற்ற முடியாது, வேறு தபலாவே கொண்டுவர வேண்டும்.

என்ன ராகம் பாடுவீர்கள் என்று கேட்காதீர்கள். பாடல் விருப்பப் பட்டியல் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

மலை ஏறும் வழி

ஒரு நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வளைவுகளில் குமட்டி வந்த வயிற்றோடு அன்றே பாட உட்கார்ந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கீழ் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார், பக்தியால் அல்ல.

வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. கலைஞர் வரும் நேரத்தில் உள்ள நடைமுறையைப் பார்த்து நீங்களே பதிவு செய்து அனுப்பிவிடுங்கள், கலைஞரிடம் விடாதீர்கள். மைசூர் வழியாக வருபவர்களிடம் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும் என்று சொல்லுங்கள். தம்பூரா வண்டிக்குள், பெட்டியில், மடிமேல் குழந்தை போல வர வேண்டும். அதன் குடம் சுரைக்காய். மிரஜ் ஊரில் பரம்பரையாகச் செய்பவர்கள் விளைந்த சுரையைக் காயவைத்துச் செய்வது. கூரைக் கேரியரில் ஒரு குலுக்கல் போதும், விரிந்துவிடும்.

குளிரும் கருவிகளும்

சமவெளிக் கலைஞருக்கும் தெரியாதது, மலையில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டியது, இந்தப் பகுதி.

குளிரில் கருவிகள் எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்தால் கவலையில்லை. நகராது. எஃகுத் தந்தி குளிரில் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். தபலாவின் தோல் ஈரத்தில் தொய்யும், சுருதி இறங்கும். பான்சூரி என்ற மூங்கில் குழல் என்றால் அதற்குள் இருக்கும் காற்றே குளிர்ந்துவிடுகிறது. ஒலியின் வேகம் 25 டிகிரியில் நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர், 10 டிகிரியில் 337. அந்த வித்தியாசம் சுருதியில் கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதியைத் தின்றுவிடும். ஊதுபவரின் மூச்சுச் சூடு கொஞ்சம் மீட்டுத் தரும். ஆனால் ஐந்து நிமிடம் குழலைக் கீழே வைத்தால் மறுபடியும் இறங்கும். ஹார்மோனியம் மட்டும் பெரிதாக அசையாது. பிறகு எல்லோரும் சேர்ந்து அதைத் திட்டுவார்கள்.

ஆகவே இப்படிச் செய்கிறோம். கருவிகள் வந்ததும் பெட்டியைத் திறக்கவிடுவதில்லை. குளிரில் வந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால் மரத்திலும் தோலிலும் ஈரம் பூக்கும், கண்ணாடியில் ஆவி படிவது போல. ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். இரவு கருவிகள் அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிய அறையில், ஜன்னலிலிருந்து தள்ளி. மறுநாள் இரண்டு மணிக்கே கூடத்தில் எண்ணெய் நிரப்பிய ஹீட்டரைப் போடுகிறோம். விசிறி வைத்த ஹீட்டர் இரைச்சல் போடும், வேண்டாம். நாலேகாலுக்கு அணைத்துவிடலாம், இருபத்தைந்து பேரின் உடம்புச் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கணப்பில் விறகு எரிப்பது பார்க்க அழகு, புகை பாடகரின் தொண்டைக்கு விஷம். கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மலை விடுதிகளில் உயிர்கள் போயிருக்கின்றன. சாம்பிராணி, ஊதுபத்தியும் அன்றைக்கு விடுமுறை.

இவ்வளவு செய்தும் ஒருமுறை, தொடங்க இருபது நிமிடம் இருக்கையில், கோவையிலிருந்து வந்த தபலாக்காரத் தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றார். “அண்ணா, அரைக் கட்டை இறங்கிவிட்டது. சுத்தியலால் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது.” தபலாவின் விளிம்பில் பின்னலாக ஓடும் தோல் வளையத்தை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். வாரில் செருகிய மரக்கட்டைகளைக் கீழே தள்ளியும் ஏற்றலாம். ஆனால் ஈரத் தோல் ஏற்றிய இடத்தில் நிற்காது. அடுப்புக்கு முன்னால் பிடிக்கட்டுமா என்று கேட்டார். பிடித்திருந்தால் தபலாவின் தோலில் பூசிய கறுப்பு மை வெடித்திருக்கும். என் மனைவி மாவரைக்கும் மேசையைக் காலி செய்து, ஹாட் வாட்டர் பையை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தாள். தபலாவைக் கவிழ்க்காமல் அந்தப் பையைப் பக்கவாட்டில் அணைத்து, மேலே கம்பளி போர்த்தி, பதினைந்து நிமிடம். தம்பி இரண்டு விரலால் விளிம்பைத் தொட்டார். ‘நா’ என்றது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் சுருதி சேர்ந்தது எனக்குத் தெரிந்தது. இப்போது இரண்டு பைகள் வாங்கி வைத்திருக்கிறோம்.

வீட்டைப் பேசாமல் இருக்கச் செய்வது

மூன்று மணிக்கு எல்லோரும் வெளியே போனபின் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றுங்கள். அழைப்பு மணியை அணையுங்கள். நாய்க்கு அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு மாலை விருந்து ஏற்பாடு செய்யுங்கள். குக்கர் விசிலெல்லாம் நாலு மணிக்குள் அடித்து முடிந்திருக்க வேண்டும்.

கடைசியில் குளிர்சாதனப் பெட்டி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டார் வைத்த பொருள்கள் பெரும்பாலும் அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸில் முனகும். ஒன்றரைக் கட்டைப் பாடகரின் தம்பூராவில் முதல் தந்தி, கீழ் ஸ்தாயிப் பஞ்சமம், ஏறக்குறைய 104 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒட்டி, ஆனால் ஒட்டாமல், நொடிக்கு நான்கு முறை அலையடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த அறையில் சுருதி சேராத ஒரு தம்பூராவை யாரோ மீட்டுவது போலத்தான் அது. பாடகர் ஏன் தம்பூராவை மறுபடி மறுபடி திருகுகிறார் என்று விருந்தினருக்குப் புரியாது. பாடகருக்கே சில சமயம் புரியாது. மூன்று மணி நேரம் பெட்டியை அணைத்தால் ஒன்றும் கெடாது.

மின்சாரம் போனால் கவலை வேண்டாம், மைக் இல்லாத வீட்டில் போவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு அகல் விளக்கு தயாராக இருக்கட்டும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடுவது உத்தமம்.

விருந்தினருக்குச் சொல்ல வேண்டியவை

அழைப்பிலேயே எழுதுங்கள்: நாலேகாலுக்கு வந்துவிட வேண்டும், நாலரைக்குக் கதவு சாத்தப்படும், காலுறை போட்டு வாருங்கள், ஸ்வெட்டரோ சால்வையோ போர்த்தி வாருங்கள். நைலான் மழைக்கோட்டு வராந்தாவோடு சரி. அது ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். ஐந்து பேர் போட்டிருந்தால் மூங்கில் தோப்பில் உட்கார்ந்தது போல் இருக்கும். முதியவர்களுக்குப் பக்கச் சுவரோரம் நாற்காலி போடுங்கள். தங்களை நோக்கிக் கால் நீட்டுவதைக் கலைஞர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

நம் ஊர் ரசிகர்களின் கை சும்மா இராது, தொடையில் தாளம் போடும். விளம்பித ஏக்தாளில், அதாவது மிக மெதுவாகச் சுற்றும் ஏக்தாள் தாளத்தில், அது தோற்றுப்போகும். பன்னிரண்டு மாத்திரைதான், ஆனால் ஒரு சுற்று முடிய முக்கால் நிமிடத்துக்கும் மேல் ஆகலாம். தட்டுவதை விட்டுவிட்டுத் தபலாவைக் கேளுங்கள் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். சுற்றின் முதல் அடியான ‘சம்’மில் பாட்டும் தபலாவும் வந்து சேரும்போது யாரோ ஒருவர் தலையாட்டுவார். அரை மணி நேரத்தில் கூடமே சேர்ந்து தலையாட்டும். பாராட்டுக்குக் கைத்தட்டல் வேண்டாம். பாடும்போதே மெதுவாக ‘வாஹ்’ சொல்லலாம், நம்முடைய ‘பலே’யும் தாராளமாகச் செல்லும்.

அறிமுக உரை மூன்று நிமிடம். விருதுப் பட்டியலைப் படிக்காதீர்கள். கிரானா கரானா என்ற பாட்டுப் பரம்பரையைச் சேர்ந்த ஒருவர் பாடியபோது அப்துல் கரீம் கானைப் பற்றி மட்டும் சொன்னேன். அந்தக் கரானாவின் பெரும் பாடகர். கர்நாடக இசையின் ஸ்வரம் பாடும் முறையை விரும்பி எடுத்துக்கொண்டவர். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் உடல்நிலை சரியில்லாமல் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கினார், அங்கேயே உயிர் பிரிந்தது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் கூட்டத்தில் இருந்தார். “தினமும் அந்த ஸ்டேஷனில்தான் ஏறி வேலைக்குப் போவேன்” என்றார். அதன்பின் யாரும் அசையவில்லை.

தேநீர், சாப்பாடு, பணம்

இடைவேளை இருபது நிமிடம், வராந்தாவில் மட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் டம்ளர்தான். அது மரத்தளத்தில் உருண்டால் ஒரு பந்திஷ், அதாவது ஒரு பாடல், போச்சு. வர்க்கி வைக்காமல் எங்கள் ஊரில் தேநீர் கொடுக்க முடியாது. ஆனால் கூடத்துக்குள் ஒரு வர்க்கிகூட நுழையக் கூடாது, அந்த மொறுமொறுப்பு மார்வாவின் கோமள ரிஷபத்தைக் கடித்துத் துப்பிவிடும். கலைஞருக்கு வெந்நீர் பிளாஸ்கில், கைக்கெட்டும் தூரத்தில். மலைக்காற்று தொண்டையை உலர்த்தும். சாப்பாடு பாட்டு முடிந்த பிறகுதான் என்றால் பாடகர் நன்றி சொல்வார். சூடான சாதமும் படுகர் முறையில் அவரைக் குழம்பும் போதும்.

தொகையை அழைக்கும்போதே பேசிவிடுங்கள். உறையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுங்கள். தபலாவுக்கும் ஹார்மோனியத்துக்கும் தம்பூரா மீட்டிய மாணவிக்கும் தனித்தனி உறை, தனித்தனியாக அவரவர் கையில். முதன்மைக் கலைஞரிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்வது சௌகரியம்தான், முறையல்ல. விருந்தினர் பங்களிப்பு எவ்வளவு என்பதை அழைப்பில் எழுதி, வராந்தாவில் ஒரு பித்தளைச் செம்பை வைத்துவிடுங்கள். குறைந்தால் உங்கள் கையிலிருந்து. பொன்னாடைக்குப் பதில் நல்ல கம்பளிச் சால்வை கொடுங்கள், அன்றிரவே போர்த்திக்கொள்வார். ஒலிப்பதிவுக்கு முன்கூட்டிச் சம்மதம் கேளுங்கள். ஓரமாக ஒரே ஒரு கருவி, கைபேசிகள் பையில்.

எல்லோரும் போனபின் தம்பூராவின் தந்திகளைப் பயணத்துக்காகச் சற்றுத் தளர்த்துவார்கள். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகிய ஜீவா நூல்கள் கீழே விழும்; ஜமக்காளத்தில் தேடி எடுத்துக் கொடுங்கள். வண்டிகளின் விளக்கொளி கடைசி வளைவைத் தாண்டும் வரை வாசல் விளக்கு எரியட்டும். படுக்கப் போகும் முன் குளிர்சாதனப் பெட்டியைப் போடுங்கள். நான் ஒருமுறை மறந்து, மறுநாள் காலை கலைஞருக்குக் காபிக்குப் பால் திரிந்துவிட்டது.